போட்டு வாறன் சொல்லாமல் போனவன்

ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பி முத்திரை குத்தினார். தங்கச்சியே அதை நம்பியிருக்க மாட்டாள். இங்கிலாந்தில் கொஞ்சக் காலம் எங்களோடு இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போன நாளிலிருந்து கூப்பிடுகிறாள். கொவென்ட்ரியில் மரக்கறி விற்கும் வானை விட்டுவிட்டு வர நேரமில்லை என்று நான் சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தவன்.

உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை வேறு அறைக்குக் கூட்டிப் போயிருப்பார். இங்கிலாந்தில் ஒரு திராஷ் மெற்றல் இசைக்குழுவில் கிற்றார் வாசித்த யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன், ஐந்தாறு வருடங்களுக்கு முன், டோவர் துறைமுகத்துக்குக் கிட்ட என்னுடைய வானிலிருந்து இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை. அவன் பெயர் யோகன். இறங்கும்போது ஏன் 'போட்டு வாறன்' என்று சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டு வரச் சொல்லி, அந்தக் குழுவின் பாடகன் கெவின் என்னை அனுப்பியிருந்தான். கெவினுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கரும்பலகை மாதிரி ஒரு சின்னப் பலகையில் எழுதித்தான் இந்தக் கேள்வியைக் கேட்டான். இதைக் குடிவரவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

என் பெட்டி வந்தது. யோகனின் கிற்றார் வரவில்லை. அவன் வானில் விட்டுப் போன கிற்றாரைக் கெவின் இத்தனை வருடமும் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, இதையும் கொடு என்று என்னிடம் ஒப்படைத்திருந்தான். விமானக் கம்பனிக்காரப் பிள்ளை கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது வின்னிபெக்குக்குப் போயிருக்கிறது என்றாள், சொந்தக்காரரைப் பார்க்கப் போனது போல. இரண்டு நாளில் வீட்டுக்கு வருமாம். என்னை விட அந்தக் கிற்றார்தான் கனடாவைக் கூடுதலாகப் பார்த்தது.

தங்கச்சி சாந்தியின் வீடு ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், உயரமான ஒரு கட்டடத்தில். மச்சான் மிசிசாகாவில் வேலை முடித்து வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கொவென்ட்ரியில் சுற்றுவட்டங்களில் சுழன்றே காலம் போய்விடும். இங்கே வீதிகள் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகப் போகின்றன, முடிவதில்லை. சாந்தி புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். மீன் ஐஸ் மீன் என்று நான் சாப்பிட முன்னரே மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "அண்ணை, நீங்கள் என்னைப் பாக்க வரேல்லை, எனக்குத் தெரியும்," என்றாள். யோகனை பஸ்ஸில் கண்டதாகப் போன கோடையில் தொலைபேசியில் சொன்னவளே அவள்தான். "உங்கட வானில திரிஞ்ச தலைமயிர்க்காரன். மயிரெல்லாம் வெட்டிப்போட்டான். என்னைக் கண்டிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினவன்."

இந்த இடத்தில் குழுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கெவினின் தகப்பன் வேலை செய்த இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை மூடப்பட்ட வருடம் அது தொடங்கியது. அதனால்தான் 'கோல்ட் ஃபேர்னஸ்' என்று பெயர். என் மனைவிக்கு அதை 'ஆறின உலை' என்று தமிழாக்கிச் சொன்னேன். "உதென்ன பேர், சோறில்லாத வீடு மாதிரி," என்றாள். கெவினிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டு உன் மனைவிக்குத்தான் விளங்கியிருக்கிறது என்றான். கெவின் பாடகன், நீல் றம்ஸ் அடிப்பவன், பில் பேஸ் கிற்றார் வாசிப்பவன். மூவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். யோகன் மாணவ விசாவில் வந்து, படிப்பை இடையில் விட்டு, பெற்றோல் ஸ்ரேஷனில் வேலைக்கு நின்றவன். இரவில் ஆள் இல்லாத நேரம் அங்கே இருந்து கிற்றார் வாசிப்பான். பெற்றோல் அடிக்க வந்த கெவின் அதைக் கேட்டுவிட்டு, பெற்றோல் அடிக்காமலே திரும்பிப் போய் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

திராஷ் மெற்றல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெல்ற் அறுந்த வானை மூன்றாம் கியரில் மலையேற்றினால் வரும் சத்தத்தை நாலு பேர் சேர்ந்து, வேண்டுமென்றே, ஒரு பிசகும் இல்லாமல் எழுப்புவது. யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளில் பைலா என்ற துள்ளல் பாட்டுக்கு அடித்துப் பழகிய யோகனின் வலக்கைக்கு அந்த வேகம் புதிதில்லை. சில நேரம் வேகம் கூடிப்போகும். நீ எங்களை விட்டுவிட்டு ஓடுகிறாய் என்று கெவின் மேடையிலேயே கத்துவான்.

முதலில் பியர் விற்கும் தவறணைகளில் வாசித்தார்கள். பிறகு அவர்களே பதிவு செய்த கசெற் ஒன்று, கைக்குக் கை பிரதியாகி நாடு முழுதும் போயிற்று. பிறகு ஒரு சின்னக் கம்பனி இசைத்தட்டுப் போட்டது. ஒரு சஞ்சிகையில் அரைப் பக்கம் வந்தது. என்னிடம் வான் இருந்தபடியால் நான் சாரதியானேன். பகலில் கத்தரிக்காய், இரவில் அம்ப்ளிஃபயர். கூட்டம் தலைமயிரைச் சுழற்றி ஆடுவதை முதலில் பார்த்தபோது பேயோட்டப் பூசாரி தேவைப்படும் என்று நினைத்தேன். ஆட்டம் முடிய அதே பெடியள் வரிசையில் நின்று, ஆளுக்காள் வழிவிட்டு, உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினார்கள். சேற்றில் புதைந்த வானைத் தள்ளிவிட்டதும் அவர்கள்தான்.

யோகனுக்கு ஒரு பழக்கம். எங்கள் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்லிப் பிரிவதில்லை; போய்விட்டு வருகிறேன், அதாவது போட்டு வாறன் என்றுதான் சொல்வோம். அவன் சிகரெட் வாங்கக் கடைக்குப் போனாலும், மலசலகூடத்துக்குப் போனாலும் அந்த வெள்ளைக்காரப் பெடியளிடம் தமிழில் அதைச் சொல்லித்தான் போவான். கெவினுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. ஒவ்வொரு மேடையிலும் கடைசிப் பாட்டு முடிந்ததும், "பொட்டி வாரன்!" என்று கத்துவான். கூட்டமும் திருப்பிக் கத்தும். அவர்கள் மொழியில் பொட்டி என்றால் சின்னப் பிள்ளைகள் குந்தி இருக்கிற சட்டி. அதனால் கூடுதல் சந்தோஷமாகக் கத்துவார்கள். அவர்களைத் திருத்தப் போய் நான் தோற்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு, பெர்லின் சுவர் இடிந்த கையோடு, ஒரு பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்க ஜெர்மனிக்கு அழைப்பு வந்தது. கெவின் தாயைக் கட்டிப்பிடித்து அழுதான். எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு டோவருக்குப் போனோம். கப்பலுக்கு முன் கடைசி பெற்றோல் ஸ்ரேஷனில் நிறுத்தினேன். யோகன் இறங்கினான். கதவைச் சாத்தினான். அவ்வளவுதான்.

நான் அதைக் கவனிக்கவில்லை. தமிழில் ஒரே ஒரு சொல் தெரிந்த கெவின்தான் கவனித்தான். "அவன் அதைச் சொல்லவில்லை, டெவ்," என்றான். தேவன் என்ற என்னை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேடினோம். கடைக்குள், கழிப்பறையில், லொறிகளுக்குப் பின்னால். நீல், அவனை விட்டுவிட்டுப் போவோம், பாதி வாசித்தாலும் பரவாயில்லை என்றான். கெவின் அசையவில்லை. கப்பல் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் பின் ஆசனத்தில் தொடங்கிய சண்டை கொவென்ட்ரிக்கு வர முன் அடிதடியாயிற்று. ஒரு குழு உடைவதை நான் வான் கண்ணாடியில் பார்த்தேன். வீதியைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்ததால் முழுதும் பார்க்கவில்லை. நீலும் பில்லும் தங்கள் தெருவில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

இரண்டாம் நாள் சாந்தி என்னை ஒரு செத்தவீட்டுக்குக் கூட்டிப் போனாள். மச்சானோடு வேலை செய்பவரின் தகப்பன். "அங்க அரைவாசி ஸ்காபரோவும் நிக்கும், அண்ணை. ஆருக்கெண்டாலும் உங்கட ஆளைத் தெரியும்," என்றாள். செத்தவீடு என்றேன், அது வீடு இல்லை. கம்பளம் விரித்த மண்டபம், தாழ்ந்த வெளிச்சம், ஓரத்தில் கோப்பி மெசின். வங்கிக்குக் கடன் கேட்க வந்தவர்கள் போல எல்லோரும் குரலைத் தாழ்த்தி இருந்தார்கள். கிழவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுப் படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அவர் அதைக் கட்டியிருக்க மாட்டார் என்று முகமே சொன்னது.

சாந்தி சொன்னது சரிதான். கோப்பி மெசினடியில் நின்ற ஒருவருக்கு யோகனைத் தெரிந்திருந்தது. "லண்டனில பாண்ட் அடிச்சவன்தானே? உங்க ஏதோ ஒரு ரேக்-அவுட்டில கொத்து போடுறான் எண்டு கேள்வி. எந்தக் கடை எண்டு தெரியேல்லை, அண்ணை." ரேக்-அவுட் என்றால் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போகும் கடை; கொத்து என்றால் கொத்துரொட்டி. சூடான இரும்புக் கல்லில் ரொட்டியும் கறியும் முட்டையும் போட்டு, இரண்டு தகடுகளால் தாளம் போடுவது போலக் கொத்திக் கொடுப்பது.

வெளிக்கிடும்போது செத்தவரின் மகன் வாசலில் நின்றார். அவர் கையைப் பிடித்து, "அப்ப போட்டு வாறன்," என்றேன். சாந்தி என் முழங்கைக்கு மேல் கிள்ளிய கிள்ளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மகன் நல்லவர், காதில் விழாதது போல நின்றார்.

"செத்தவீட்டில ஆரும் போட்டு வாறன் சொல்லுவினமே?" என்று காருக்குள் தொடங்கினாள். "திரும்பி வாறன் எண்டால் என்ன அர்த்தம்? இன்னொரு சாவுக்கு வாறன் எண்டெல்லே. சொல்லாமல்தான் போறது. இங்கிலாந்தில இருந்து எல்லாத்தையும் மறந்திட்டியள்."

மறக்கவில்லை. இரண்டு நாளாக அந்தச் சொல்லே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் வாய் தவறிவிட்டது. ஆனால் அவளுக்கு அதை எப்படி விளக்குவது? கையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை கிற்றார் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் உடையவில்லை. கம்பிகள் மட்டும் துருப்பிடித்து, இரண்டு அறுந்து கிடந்தன. அது வின்னிபெக்கின் வேலை அல்ல, கெவினின் கட்டிலடி ஈரத்தின் வேலை.

அதைத் தூக்கிக்கொண்டு கொத்துரொட்டிக் கடைகளைத் தேடிப் புறப்பட்டேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு கடதாசித் துண்டு தருகிறார்கள்; அதைக் காட்டி அடுத்த பஸ்ஸில் ஏறலாம். எனக்கு அது தெரியாமல் கசக்கி எறிந்துவிட்டேன். அடுத்த பஸ் சாரதி ஏற்ற மறுத்தான். ஒரு கயானாக்கார அம்மா தன்னிடமிருந்த ஒன்றைத் தந்து, "இந்த ஊரில் எந்தக் கடதாசியையும் எறியாதே, மகனே," என்றார். சொன்ன வாய்க்குப் புண்ணியம். ஆனால் அந்த பஸ் எதிர்த்திசையில் போயிற்று. பெரிய கிற்றார்ப் பெட்டியோடு தெரியாத சந்தியொன்றில் இறங்கி நின்றேன். ஐப்பசிக் காற்று காதை அறுத்தது. கொவென்ட்ரிக் குளிர் மழையோடு வந்து உடுப்பை நனைக்கும். இது உடுப்பை விட்டுவிட்டு நேரே எலும்புக்குப் போகிறது.

முதல் கடையில் ஆட்டிறைச்சிக் கொத்து. உறைப்பு இருந்தது, ஆள் இல்லை. இரண்டாம் கடையில் கோழிக் கொத்து. கொத்திக்கொண்டிருந்தவர் அறுபது வயதுக்காரர். மூன்றாம் கடையில் என்னால் சாப்பிட ஏலவில்லை, தேநீர் மட்டும் குடித்தேன். வீட்டுக்கு வந்து சாந்தி போட்ட பெருங்காய மோரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். தேடிப் போனது ஆளையா சாப்பாட்டையா என்று மச்சான் கேட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் தாண்டி ஒரு கடைக்குள் நுழைந்தேன். துணி தோய்க்கும் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய இடம். முன்னால் ஒரு அன்ரி நின்று, மிதிவெடி என்று பெயர் வைத்த பொரித்த பலகாரங்களையும் ரோல்ஸ்களையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ கொத்துகிற சத்தம். டக் டக். டகட டகட டகட. பிறகு ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி டக் டக்.

என் கையிலிருந்த பெட்டி நிலத்தில் இறங்கிவிட்டது. அவர்களின் இசைத்தட்டில் முதல் பாட்டின் தாளம் அது. அந்த நிறுத்தத்தில்தான் கெவின் மூச்சை இழுத்துவிட்டு அலறுவான். எத்தனை ஊர்களில், எத்தனை மேடைகளுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சத்தம்தான் என்று நினைத்தேன். இப்போது அந்த நிறுத்தத்தில் ஒன்றும் வரவில்லை.

"அன்ரி, உள்ள நிக்கிறது யோகனோ?"

"ஓம், யோகன்தான். நீங்கள் ஆர்?"

அவர் கூப்பிட முன்னரே அவன் எட்டிப் பார்த்துவிட்டான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. தொந்தி வைத்திருந்தது. என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு திரும்பி, கல்லில் கிடந்த கொத்தைக் கடதாசிப் பெட்டியில் அடைத்து, வந்தவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தான். வேலையைப் பாதியில் விட மாட்டான். ஒரே ஒரு தடவைதான் விட்டவன்.

மூலை மேசையில் இருந்தோம். கெவினைப் பற்றிச் சொன்னேன். குரல் போனதைச் சொன்னபோது தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டான்.

"அகதிக் கேஸ் தள்ளுபடி, அண்ணை," என்று சொன்னான். "டோவருக்குப் போக முன்னமே முடிவு வந்திட்டுது. பிடிச்சால் கொழும்புக்கு அனுப்புவாங்கள். கப்பலடியில பாஸ்போட் பாப்பாங்கள், என்ர பாஸ்போட் கேஸோட அவங்களிட்டைப் போட்டுது, என்னட்டை என்ன இருக்கு? வானுக்க சொல்லுவம், சொல்லுவம் எண்டு வந்தன். கெவின் வழி முழுக்க ஜெர்மனியைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தான். எப்பிடிச் சொல்லுறது?"

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமேடா."

"உங்களுக்குச் சொன்னால் நீங்கள் வானைத் திருப்பியிருப்பியள்."

அது உண்மைதான்.

"அதுதான் ஒண்டும் சொல்லாமல் இறங்கினனான். போட்டு வாறன் எண்டு சொன்னால் நிப்பாங்கள். சொல்லாட்டி விளங்கும், என்னை விட்டிட்டுப் போவாங்கள் எண்டு நினைச்சன். ஜெர்மனியில வேற ஒருத்தனைப் பிடிச்சிருப்பாங்கள் என்ன? எப்பிடி வாசிச்சவன், அண்ணை? என்னை விடக் கெட்டிக்காரனோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. இத்தனை வருடமும் குழு ஜெர்மனிக்குப் போனதாக, தன்னை மறந்துவிட்டு மேலே மேலே போனதாக நினைத்துக்கொண்டு இந்தக் கல்லடியில் நின்றிருக்கிறான். கடைகளில் அவர்களின் புது இசைத்தட்டைத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை என்றதும், இது சின்ன ஊர், இங்கே வராது என்று ரொறன்ரோவைக் குறை சொல்லியிருக்கிறான்.

"அவங்கள் போகேல்லையடா," என்றேன். "உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டவங்கள். கப்பல் போட்டுது. அதோட எல்லாம் முடிஞ்சுது."

யோகன் எழுந்து உள்ளே போனான். கல் மேல் தண்ணீர் ஊற்றிச் சுரண்டும் சத்தம் கேட்டது. சுத்தமாக இருந்த கல்லைத்தான் சுரண்டினான். அன்ரி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்து இதையா கொடுத்தேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

என்னோடு வா, கெவின் முகத்தை ஒருக்கால் பார் என்று கேட்டேன். ஏஜென்ற் ஒருவன் கள்ளமாகக் கொண்டுவந்து விட்ட இங்கேயும் கேஸ் முடியவில்லை, வெளியே போனால் திரும்பி உள்ளே விட மாட்டார்கள் என்றான். கிற்றார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான். துருக் கம்பியை ஒரு விரலால் தொட்டுவிட்டு மூடினான்.

அடுத்த நாள் பின்னேரம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பது என்று முடிவாயிற்று. குசினிச் சுவரில் நீளமான வயரோடு ஒரு தொலைபேசி இருந்தது. கொவென்ட்ரியில் கெவினின் தமக்கை லிண்டா எடுத்தாள். கெவின் ஓம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று சொல்லி, தொலைபேசியை அவன் பக்கத்தில் வைத்தாள். பலகையில் அவன் எழுதுவதை அவள் வாசிப்பாள்.

யோகன் ஆங்கிலத்தில் பேசினான். இடைக்கிடை தமிழ் வந்தது. கேஸைச் சொன்னான், கப்பலைச் சொன்னான். "நான் அதைச் சொன்னால் நீங்கள் நிற்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை, கெவின்," என்றான். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மறுபக்கத்தில் சோக்கட்டி பலகையில் உரசும் சத்தம் கேட்டது. லிண்டா வாசித்தாள்: "நீ சொல்லாததால்தான் நின்றோம். உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தோம்."

ஒரு சொல்லை இரண்டு பேரும் இவ்வளவு சரியாக விளங்கி வைத்திருந்தார்கள். அதனால்தான் எல்லாம் கெட்டது.

யோகன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். பிறகு தொலைபேசிக்குள் தட்டு ஒன்று கேட்டது. இன்னொன்று. மூன்று. நாலு. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. சரியான இடைவெளியில் நாலு தட்டு. நீல் கம்புகளைத் தட்டிப் பாட்டுத் தொடங்கும் கணக்கு.

யோகன் தொலைபேசியை என் கையில் தந்து, கல்லுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னான். அடுப்பைக் கூட்டினான். ரொட்டியையும் வெங்காயத்தையும் அள்ளிப் போட்டு, இரண்டு தகடுகளையும் எடுத்தான். மறுபடி நாலு தட்டு வந்தது. தொடங்கினான்.

நான் அந்தப் பாட்டை அப்படிக் கேட்டதில்லை. வெறும் இரும்பும் இரும்பும். வெங்காயப் புகை கண்ணைக் கரித்தது, அதை நான் சாட்டாகச் சொல்ல மாட்டேன். கெவின் அலற வேண்டிய இடம் வந்தது. யோகன் தகடுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தொலைபேசியில் ஒரு மூச்சு இரைந்தது. பிறகு ஒரே ஒரு தட்டு. அவன் தகடுகளை இறக்கினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படியே நின்றான், ஒவ்வொன்றிலும் அந்தத் தட்டு வந்தது. அன்ரி வாசலில் வந்து நின்றார்.

முடிந்ததும் சோக்கட்டி நெடுநேரம் உரசியது. லிண்டாவின் குரல் உடைந்திருந்தது. "இப்போதும் நீ எங்களை விட்டுவிட்டு ஓடுகிறாயாம்," என்றாள்.

யோகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகப் போய்விட்டது. கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினான். "போட்டு வாறன், கெவின்," என்றான். வரப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒரு தட்டு வந்தது. லிண்டா தொலைபேசியை வைத்தாள்.

கல்லில் கிடந்த கொத்தை வீணாக்கக் கூடாது என்று அன்ரி இரண்டு தட்டில் போட்டுத் தந்தார். உப்பும் இல்லை, கறியும் இல்லை. இருவரும் முழுவதையும் சாப்பிட்டோம்.

கிற்றாரை அவன் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தான். நான் கொவென்ட்ரிக்குத் திரும்பி மறுபடி மரக்கறி ஏற்றினேன்.

கெவின் தை மாதம் செத்துப்போனான். மூடிக்கிடக்கும் தொழிற்சாலைக்குக் கிட்ட ஒரு சின்னத் தேவாலயம். நீலும் பில்லும் வந்து வேறு வேறு மர வாங்குகளில் இருந்தார்கள். பின்வரிசைகளில் பழைய இரசிகர்கள், குழுவின் பெயர் போட்ட வெளிறிய ரீ-சேட்டுகளுக்கு மேல் கறுத்தக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு. சவப்பெட்டியைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒருவன் மெல்ல, "பொட்டி வாரன்," என்றான். பிறகு இன்னொருவன். பிறகு நீல். அங்கிருந்து பில். பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

செத்தவீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. சாந்தி பக்கத்தில் நின்றிருந்தால் கிள்ளியிருப்பாள். பெட்டி என்னைக் கடந்து போனபோது நான் அதை இரண்டு தரம் சொன்னேன். ஒன்று யோகனுடையது.